முப்பது ஈர நகங்கள்

பகல் 12.38. சரோஜம் நகைப்பெட்டியைத் திறந்தாள். உள்ளே சிவப்பு வெல்வெட் மட்டும் இருந்தது. பெட்டியை மூடினாள், டக்கென்று சத்தம் கேட்டது. இன்னொரு தடவை திறந்தால் மாலை திரும்பி வந்திருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ, மறுபடியும் திறந்தாள். வெல்வெட்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான் கூவினாள். முற்றத்தில் பந்தல் கட்டிக்கொண்டிருந்தவன் ஏணியிலிருந்து பாதி சறுக்கியே இறங்கினான்.

மறுநாள் காலை அவள் மகள் அனகாவுக்குக் கல்யாணம். அன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கல்யாணப் புடவையோடு வருவதாக இருந்தார்கள். பச்சைக் கல் வைத்த அந்தப் பாலக்கா மாலையை அவர்கள் கண்ணில் காட்டிவிட வேண்டும் என்று சரோஜம் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பொருள் காணாமல் போன வீட்டில் முதலில் தேடுவது பொருளையா? ஆளைத்தான். காரோடு ஊரில் அந்த வீட்டுக்கு ஆள் கிடைக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அனகாவின் அறையில் காலையிலிருந்து நாலு பெண்கள் இருந்தார்கள். மணப்பெண் அனகா, அவள் அண்ணன் அஜேஷின் மனைவி நந்தனா, கூடப் படித்த சிநேகிதி ஜீனா; நாலாவதாக, நகத்துக்குப் பாலிஷ் போட வந்த ஜின்சி. காஞ்சிரங்குளத்தில் கடலுக்குப் போகும் குடும்பத்துப் பெண். நாலு பேரில் மூன்று பேருக்கு நகம் ஈரம். பாலிஷ் காயாத பெண் பத்து விரலையும் விரித்துக்கொண்டு சாமியாடி மாதிரி உட்கார்ந்திருப்பாளே தவிர, ஒரு பொருளைத் தொட மாட்டாள். ஆக முப்பது நகமும் ஈரம். கை உலர்ந்து இருந்தவள் ஜின்சி ஒருத்திதான். போதாதற்கு, அவள் கை கழுவப் போன குளியலறை, மாலை இருந்த பக்கத்து அறைக்குள்ளேதான். வேறென்ன வேண்டும்?

1.12-க்கு ஜீப் வந்தது. எஸ்.ஐ. ஸ்மிதா இறங்கினாள், பின்னாலேயே போலீஸ்காரர் உண்ணி. ஸ்மிதாவுக்கு நாற்பத்தொரு வயது. பிடித்தால் உடும்புப் பிடி என்று ஸ்டேஷனில் சொல்வார்கள். பாராட்டாகத்தான் சொல்கிறார்களா என்று அவள் கேட்டுக்கொண்டதில்லை.

சரோஜம் முற்றத்திலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"மேடம், வேற ஒண்ணும் விசாரிக்க வேண்டாம். அந்த ஜின்சியைக் கொண்டு போங்க. நாலு மணிக்கு முன்ன எனக்கு மாலை கிட்டணும்."

"எடுத்ததை யாரு கண்டாவ?"

"காணவா செய்யணும்? மத்த மூணு பேருக்க நகமும் ஈரமாக்கும்."

"அவளுக்க பையைப் பாத்தியளா?"

"கொட்டியே பாத்தாச்சு. இல்ல. சன்னல் வழியா யாருக்காவது எறிஞ்சு குடுத்திருப்பா."

அறைக்குள் கட்டில்மேல் அறுபது பாலிஷ் குப்பிகள் சிதறிக் கிடந்தன. இரண்டு உடைந்து, ஒரு ரோஸும் ஒரு கத்திரிப்பூ நிறமும் மெத்தை விரிப்பில் கலந்து ஊறியிருந்தன. சுவரோரம் ஒரு நீளப் பலகையில் வெள்ளை பிளாஸ்டிக் ஸ்பூன்கள் வரிசையாகக் குத்தி நின்றன. ஒவ்வொரு ஸ்பூனின் முதுகிலும் ஒரு நிறம், காம்பில் ஒரு எண். வாடிக்கைக்காரர்கள் ஸ்பூனைப் புடவைக்கும் நகைக்கும் பக்கத்தில் பிடித்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். அந்தப் பலகைக்குப் பக்கத்தில் ஜின்சி தரையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. வாயும் திறக்கவில்லை.

சரோஜம் விடவில்லை. "களவு இருக்கட்டும், வேலையாவது அறியுமா? எனக்க மருமவளுக்க கையப் பாருங்க. ஒம்பது நகத்தில கோடு நேரா நிக்குது. வலது பெருவிரல்ல மட்டும் ஒரு ஓரத்தில போய் அப்பிக் கெடக்கு. இதுக்குப் பேரு வேலையா?"

நந்தனாவின் நகங்கள் கரும்பச்சை. ஒவ்வொன்றின் நடுவிலும் பூனைக் கண்ணில் தெரிவதுபோல் மெல்லிய வெளிச்சக் கோடு. பெருவிரலில் மட்டும் கோடு சாய்ந்து, ஓரத்தில் ஒரு பொட்டாகத் திரண்டிருந்தது. நந்தனா விரலை மடக்கிக்கொண்டாள்.

அப்போதுதான் ஜின்சி தலையை நிமிர்த்தினாள். "நான் பத்தும் ஒண்ணு போலத்தான் வச்சேன், மேடம்."

"கள்ளீன்னு சொன்னப்பம் ஒண்ணும் பேசல்லியே," என்றாள் ஸ்மிதா.

"அதுக்கு என்னத்தப் பேச? நான் எடுக்கல்லன்னு சொன்னா யாரு நம்புவா? ஆனா இது எனக்க வேலையாக்கும்."

திருடினவளுக்கு ரோஷம் வருகிற இடம் இதுவல்லவே என்று ஸ்மிதாவுக்குப் பட்டது. பட்டதை அப்படியே உள்ளே வைத்துக்கொண்டாள்.

"மேடம்," ஜின்சியின் குரல் இறங்கியது. "திங்கக்கிழமை பாறசாலை ஜங்ஷன்ல கடை திறக்கேன். என்னைய இந்த ஜீப்பில ஏத்தினியன்னா, பிறவு ஒரு கல்யாண வீட்டிலயும் என்னை உள்ள கேத்த மாட்டாவ."

உண்மைதான். முற்றத்தில் இருபது பேர் நின்றார்கள், மதிலுக்கு அப்பால் இன்னொரு பத்துப் பேர். அந்தப் பெண்ணை ஜீப்பில் ஏற்றிவிட்டால், பிறகு நிரபராதி என்று நோட்டீஸ் அடித்து வீடு வீடாகக் கொடுத்தாலும் ஒருவரும் படிக்க மாட்டார்கள்.

"உண்ணி, ஜீப்பைப் பின்பக்கம் கொண்டு போடு," என்றாள் ஸ்மிதா. "யாரு எடுத்தான்னு தெரியாம இங்கேருந்து ஒருத்தரையும் கொண்டு போகல்ல. நானும் போகல்ல."

1.25. பக்கத்து அறை அஜேஷ், நந்தனா தம்பதியுடையது. இரண்டு அறைக்கும் நடுவில் கதவில்லை, ஒரு திரைச்சீலை. சுவரில் அவர்களுடைய கல்யாணப் படம். கழுத்து நிறைய நகையோடு நந்தனா சிரித்துக்கொண்டிருந்தாள். ஸ்மிதா அந்தப் படத்தின் முன்னால் கொஞ்சம் கூடுதலாகவே நின்றாள். படத்துக்குக் கீழே இரும்பு அலமாரி. பூட்டுக் கெட்டுப்போய்க் கதவு எப்போதும் அரைக்கண் மூடியே கிடக்குமாம்.

"கல்யாண நகையெல்லாம் எங்க இருக்கு?"

"எனக்க அறையில, பூட்டி," என்றாள் சரோஜம்.

"இந்த மாலை மட்டும் ஏன் மகனுக்க அறையில?"

"அது அங்கதான் இருக்கும்." சரோஜம் அதோடு நிறுத்திக்கொண்டாள். நிறுத்தாதவள் நிறுத்தினால் கவனிக்க வேண்டும்.

ஸ்மிதா காலிப் பெட்டியை எடுத்தாள். தடித்த அட்டைப் பெட்டி, முன்பக்கம் மடிந்து மூடும் நாக்கு. திறக்கும்போது சத்தமில்லை. மூடும்போது நாக்கு தானாகவே பாய்ந்து ஒட்டிக்கொண்டது. டக். திரைக்கு அந்தப் பக்கம் இருந்த ஜீனா திடுக்கிட்டுத் திரும்பியது தெரிந்தது. ஸ்மிதா இன்னொரு முறை மூடிப் பார்த்தாள். டக்.

"காலைல இந்தச் சத்தம் எத்தனை தடவ கேட்டிய?"

மூன்று பெண்களும் யோசித்து ஒரே பதிலைச் சொன்னார்கள். 11.20-க்குச் சரோஜம் மாலையை உள்ளே வைத்தபோது ஒரு தடவை. 12.38-க்கு அவள் கூவுவதற்கு முன் ஒரு தடவை. நடுவில் கேட்கவே இல்லை.

ஸ்மிதா ஒவ்வொருவராக அழைத்தாள்.

1.32. அனகா.

"மாலையை எப்பம் கண்டே?"

"பதினொண்ணே கால். அம்மா கொண்டு வந்து ஸ்பூனுக்க பக்கத்தில பிடிச்சு நோக்கினாவ. கல்லுக்க பச்சையும் நாப்பத்தொண்ணாம் நம்பர் பச்சையும் ஒண்ணு போல இருந்து."

"பிறவு நீ ஏன் சிவப்புப் போட்டே?"

"எனக்கு அந்தப் பச்சை இஷ்டப்படல்ல, மேடம். நந்தனா மைனிதான் தனக்குப் போடச் சொல்லிக் கேட்டு வாங்கினாவ."

"உனக்குப் போட்டது எப்பம்?"

"பன்னெண்டு எட்டில இருந்து பன்னெண்டரை வரைக்கும். ஜின்சி எனக்க விரலைப் பிடிச்சுக்கிட்டே இருந்தா. அவளும் எழும்பல்ல, நானும் எழும்பல்ல. மைனி எங்களுக்குப் பின்னால, திரைச்சீலைப் பக்கத்து நாற்காலியில இருந்தாவ. அதுக்குப் பிறவுதான் கை கழுவப் போனா."

1.38. ஜீனா. பத்து நகத்திலும் பொன்துகள்.

"உனக்கு முடிஞ்சது?"

"பதினொண்ணே முக்காலுக்குள்ள. மூணு கோட்டிங், மேடம். ஒரு மணி வரைக்கும் காயவே இல்ல."

"அது வரைக்கும்?"

"சன்னல் பக்கம் நின்னு துபாய்ல இருக்க கூட்டுக்காரிக்கு வீடியோ கால்ல ஸ்பூனையெல்லாம் காட்டிக்கிட்டிருந்தேன். போனைச் சன்னல் கம்பியில சாய்ச்சு வச்சிருந்தேன்."

போனில் இருந்தது: 12.02 முதல் 12.31 வரை. இடைவிடாமல் ஜீனாவின் குரல் கேட்டதாக அனகாவும் சொன்னாள், ஜின்சியும் சொன்னாள். காது வலித்தது என்றும் அனகா சேர்த்துச் சொன்னாள்.

1.45. நந்தனா. இருபத்தெட்டு வயது. நேராக உட்கார்ந்தாள், கேட்டதற்கு மட்டும் பதில்.

"உனக்கு முடிஞ்சது எப்பம்?"

"பன்னெண்டு அஞ்சு இருக்கும்."

"பிறவு எங்க போனே?"

"எங்கயும் போகல்ல. அத்தை கூவுறது வரைக்கும் நாற்காலியிலதான்."

"தண்ணி எடுக்க, ஃபிரிட்ஜ் பக்கம்?"

"இல்ல."

"போன், பை, எதாவது தொட்டியா?"

"நகம் ஈரமா இருக்கப்பம் எப்பிடித் தொட? ஒண்ணும் தொடல்ல, மேடம்."

"ஜின்சி எடுத்தான்னு நீ நினைக்கியா?"

"எல்லாரும் சொல்லுதாவ," என்றாள் நந்தனா.

1.55. ஸ்மிதா தொப்பியைக் கட்டிலில் வைத்துவிட்டு, ஜின்சிக்கு எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் நீட்டினாள்.

"போடு."

"என்னது மேடம்?"

"இண்ணைக்கு இவங்களுக்குப் போட்டதெல்லாம் எனக்கும் போடு. ஒரே வகையில்ல, எல்லாம் கலந்து. எது எப்பம் காயும், காயாத நகத்தோட என்ன செய்யலாம், என்ன செய்ய முடியாதுன்னு எனக்கு அறியணும். உண்ணி, வாட்ச் பாத்து எழுது."

உண்ணி பதினாறு வருட சர்வீஸில் பார்க்காதது இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர். நோட்டைத் திறந்தார்.

ஜின்சி சிதறிய குப்பிகளில் வேண்டியதைப் பொறுக்கி எடுத்தாள். எப்போதும் இடது சுண்டுவிரலில் தொடங்கி வலது பெருவிரலில் முடிப்பது அவள் வழக்கம். போட்டுக்கொண்டே சொன்னாள். "இது சிவப்பு, பளபளப்பு. மேல தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், அமுக்கினா பள்ளம் விழும். இது மேட், மினுமினுப்பு இருக்காது, சாக்கு மாதிரி, ஆனா அஞ்சு நிமிசத்தில காயும். இது பொன்துகள், மூணு தடவ போட்டாலும் இருபது நிமிசம் போதும்."

"இருபதா? ஒரு மணிக்கூறு இல்லியா?"

"இல்ல மேடம்."

ஸ்மிதா தலையைத் திருப்பி ஜீனாவைப் பார்த்தாள். ஜீனா ஸ்பூன்களை எண்ணுவதுபோல் நின்றாள்.

"பன்னெண்டு அஞ்சுக்கே உனக்குக் காஞ்சாச்சு. பிறவு எதுக்கு விரலை விரிச்சுக்கிட்டு நின்னே?"

"மேடம்... காஞ்சுன்னு சொன்னா அடுக்களையில தேங்காய் திருவ விளிப்பாவ. நாப்பது தேங்காய்."

உண்ணி அதையும் எழுதினார். ஸ்மிதாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். ஆனால் ஒன்று புரிந்தது: இந்த வீட்டில் ஈர நகம் என்பது ஒரு சாக்கு. யார் வேண்டுமானாலும் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளலாம்.

இடது பெருவிரலுக்கு நாற்பத்தொன்றாம் எண் பச்சை. நகம் முழுக்க ஒரே கருமையாக இருந்தது. ஜின்சி மேலுடுப்பின் முன்பையிலிருந்து பென்சில் அளவு குச்சி ஒன்றை எடுத்தாள். "காந்தமாக்கும், மேடம். இந்தப் பாலிஷுக்க உள்ள இரும்புப் பொடி உண்டு. ஈரம் இருக்கப்பம் காந்தத்தைத் தொடாம பக்கத்தில பிடிச்சா, பொடியெல்லாம் நீங்கி ஒரு கோடா நிக்கும். கேட்-ஐன்னு சொல்லுவாவ." பத்து எண்ணுவதற்குள் கருமை விலகி, நடுவில் பச்சை வெளிச்சம் ஒரு கோடாக எழுந்தது. சின்ன வயதில்கூட நகத்துக்குச் சாயம் வைக்காத ஸ்மிதா, வந்த வேலையை ஒரு நொடி மறந்து அதைப் பார்த்தாள்.

"இந்தக் குச்சி யாருக்க கையில இருந்து?"

"எனக்க முன்பையிலதான் எப்பமும். வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்."

பிறகு வலது கை. கடைசி விரலான வலது பெருவிரலுக்கும் அதே பச்சை, அதே காந்தம், அதே கோடு. முடிந்ததும் ஜின்சி தன்னையறியாமல் போனை எடுத்து ஸ்மிதாவின் கைகளைப் படம் பிடித்தாள். பிறகு பயந்துபோய், "பழக்கதோசம், மேடம்," என்றாள். "யாருக்குப் போட்டாலும் முடிஞ்ச உடனே ஒரு போட்டோ. ஸ்பூன்ல ஒரு நிறம் காட்டும், நகத்தில ஒரு நிறம் காட்டும். ஒத்து நோக்கதுக்கு வச்சிருப்பேன்."

மணி 2.24.

ஸ்மிதா எழுந்தாள். பத்து விரலையும் விரித்துக்கொண்டு, காக்கி உடுப்பில், திரையை முழங்கையால் விலக்கிப் பக்கத்து அறைக்குப் போனாள். அலமாரிக் கதவை முழங்கையாலேயே இழுத்தாள். பெட்டியை இரு உள்ளங்கைக்கும் நடுவில் எடுத்தாள். நாக்கை விரல் நுனியின் சதையால் தூக்கினாள். திறந்தது. ஒரு நகத்திலும் கீறல் இல்லை.

"நகம்தான் ஈரம்," என்றாள் உண்ணியிடம். "விரல் ஈரமில்லல்லா."

அப்படியானால் முப்பது ஈர நகமும் ஒன்றுக்கும் உதவாத சாட்சி. ஆனால் எடுத்தவளுக்கு இன்னொரு சங்கடம் இருந்திருக்கும். பெட்டியைத் திறந்தபடி போட்டால், அடுத்து அலமாரிப் பக்கம் வருகிறவர் கண்ணிலேயே படும். மூடினால் டக்கென்று திரைக்கு அந்தப் பக்கம் மூன்று பேருக்குக் கேட்கும். கேட்கவில்லை என்கிறார்களே, எப்படி மூடியிருப்பாள்?

ஸ்மிதா மூடிப் பார்த்தாள். நாக்கு பாய்ந்தது, டக். மறுபடி. டக். மூன்றாம் தடவை, நாக்கு பாய்வதற்கு முன்னால் இடுக்கில் வலது பெருவிரலைப் பக்கவாட்டில் கொடுத்து, நகம் படாமல், மெதுவாக, மெதுவாக இறக்கினாள். பதினைந்து எண்ணும் நேரம் பிடித்தது. பூனை நடக்கிற சத்தம்கூட இல்லாமல் பெட்டி மூடிக்கொண்டது.

விரலை எடுத்துப் பார்த்தாள்.

வலது பெருவிரலில் பச்சைக் கோடு சாய்ந்து, ஓரத்தில் ஒரு பொட்டாகத் திரண்டிருந்தது.

முன்னதாகவே போட்டு, அதற்குள் காய்ந்துவிட்ட இடது பெருவிரலை அதே இடுக்கில் கொடுத்து அதே மாதிரி மூடினாள். கோடு அசையவில்லை.

2.40. அறையில் எல்லோரும் இருந்தார்கள். அஜேஷ் பந்தலிலிருந்து தூசியோடு வந்து வாசலில் நின்றான்.

"ஜின்சி, நந்தனாவுக்குப் போட்டு முடிச்ச உடனே எடுத்த போட்டோவைக் காட்டு," என்றாள் ஸ்மிதா.

படத்தில் பத்துப் பச்சை நகங்கள், பத்துக் கோடுகள், பத்தும் நேர். மேலே நேரம்: 12.05.

"சரோஜம் அக்கா, நீங்க சொன்ன குறை உள்ளதுதான். ஆனா குறை வேலையில இல்ல. பன்னெண்டு அஞ்சுக்கு இந்தக் கோடு நேரா நின்னு. அது சாயணும்னா நகம் காயதுக்கு முன்ன ஒரு காந்தத்துக்குப் பக்கத்தில போகணும். கடைசியாப் போட்ட விரல் வலது பெருவிரல், அதுதான் ரொம்ப ஈரம். ஜின்சிக்க காந்தம் அவ முன்பையிலதான் இருந்து. ஃபிரிட்ஜ் பக்கம் போகல்ல, போனைத் தொடல்ல, பையைத் தொடல்ல, நாற்காலியை விட்டு எழும்பவே இல்லன்னு நந்தனாவே சொல்லியாச்சு. பின்ன எந்தக் காந்தம்?"

பெட்டியை உயர்த்தி, அட்டை நாக்கில் உண்ணியின் சாவியை வைத்தாள். சாவி ஒட்டிக்கொண்டு தொங்கியது.

"இதுக்குள்ள உள்ள காந்தம். பெட்டி சத்தம் போடாம இருக்க விரலைக் குடுத்து மூடியிருக்கா. பெட்டி வாயை மூடிக்கிட்டு. நகம் சொல்லிக்குடுத்திட்டு." தன் இரு பெருவிரலையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டினாள். ஒன்று நேர், ஒன்று சாய்வு. "நந்தனா, உனக்க கையக் காட்டு."

நந்தனா கையைக் காட்டவில்லை. காட்ட வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

அஜேஷ், "எதுக்குடீ?" என்றான். "நம்ம வீட்டு மாலையை..."

"எனக்க மாலையாக்கும்," என்றாள் நந்தனா.

ஸ்மிதா அதற்காகத்தான் காத்திருந்தாள். சுவரிலிருந்த கல்யாணப் படத்தை உண்ணி ஏற்கெனவே கழற்றிக் கட்டிலில் வைத்திருந்தார். படத்தில் நந்தனாவின் கழுத்தில், பத்து நகைகளுக்கு நடுவே, அதே பச்சைக் கல் மாலை.

"அதான் மாலை உனக்க அலமாரியிலயே இருந்திருக்கு," என்றாள் ஸ்மிதா. "அந்தக் கல்லுக்கு ஒத்த பச்சையை மணப்பெண்ணு வேண்டாம்னு சொல்ல, நீ கேட்டு வாங்கிப் போட்டதும் அது உனக்க மாலைங்கதாலதான். மாலை எங்க?"

நந்தனா எழுந்து போய் அதே அலமாரியின் கீழ்த்தட்டில், தன் கல்யாணப் புடவையின் மடிப்பிலிருந்து மாலையை எடுத்து வந்தாள். மாலை களவு போன அலமாரிக்குள்ளேயே யார் தேடுவார்கள்? ஜின்சியின் பையைத்தான் கொட்டினார்கள்.

"எங்க அப்பா தங்கப்பன் ரப்பர் வெட்டின கையோட எனக்கு வாங்கித் தந்தது," என்றாள் நந்தனா. "ஒருத்தரும் எனக்கிட்டக் கேக்கல்ல. 'அனகாவுக்குப் போடுகோம்'னு அத்தை சொன்னாவ, இவரு தலையாட்டினாரு. கல்யாண வீட்டில வேண்டாம்னு சொன்னா நான்தான் கெட்டவ. போன நகை திரும்பி வராதுன்னு எனக்குத் தெரியும். அதான் எடுத்தேன்."

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். சரோஜம் மருமகள் வீட்டு நெய்யை இத்தனை நாள் தாராளமாகப் பரிமாறிக்கொண்டிருந்தாள். இப்போது தரையைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "சரி மேடம்," என்றாள். "மாலை கிட்டியாச்சு. வீட்டுக் காரியம். நாங்க பேசித் தீத்துக்கிடுகோம். நீங்க போங்க."

"அவளுக்க பொருளை அவ எடுத்தது களவு இல்ல. அதில எனக்கு வேலையும் இல்ல," என்றாள் ஸ்மிதா. "ஆனா பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு இந்தப் பிள்ளை தலையில வச்சியளே, அது வீட்டுக் காரியமில்ல. நந்தனா, 'எல்லாரும் சொல்லுதாவ'ன்னு எனக்கிட்டச் சொன்னே. நீ மட்டும் அறிஞ்சிருந்தே. அறிஞ்சுக்கிட்டே இருந்தே."

நந்தனா தலையசைத்தாள். மாலையைப் பற்றிப் பேசும்போது வராத கண்ணீர் இப்போது வந்தது.

"முற்றத்தில வச்சுச் சொன்ன பேச்சு முற்றத்தில வச்சே மாறணும்," என்றாள் ஸ்மிதா. "நாலு மணிக்கு முன்ன."

3.05. பந்தலின் கீழே எல்லோரும் நின்றார்கள். மதிலுக்கு அப்பால் நின்ற பத்துப் பேரையும் உண்ணி உள்ளே அழைத்து வந்திருந்தார். சரோஜம் வாய் திறப்பதற்குள் நந்தனாவே முன்னால் வந்தாள்.

"மாலையை எடுத்தது நானாக்கும். ஜின்சி இல்ல. அவ ஒரு தப்பும் செய்யல்ல. எனக்க நகத்தில கோணலா இருக்கதும் அவ வேலையில்ல, நான் செய்தது."

சரோஜம் அவளுக்குப் பின்னால் வந்து, "நான் ஆளறியாம வாய் விட்டிட்டேன், மக்கா," என்றாள் ஜின்சியைப் பார்த்து. அது அவளுக்கு எளிதாக வரவில்லை. வந்தவரைக்கும் எல்லோருக்கும் கேட்டது.

அனகா இறங்கி வந்து, மாலையை நந்தனாவின் கழுத்தில் தானே மாட்டிவிட்டாள். "நாளைக்கு நீங்க போட்டுக்கிட்டு நில்லுங்க, மைனி. எனக்குப் பச்சை இஷ்டமில்லன்னு அப்பமே சொன்னேனே."

அஜேஷ் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன், ஏனோ அதை விடவே இல்லை.

ஜின்சி அறைக்குள் போய்த் தன் குப்பிகளை ஒவ்வொன்றாகப் பையில் அடுக்கினாள். உடைந்த இரண்டையும் காகிதத்தில் சுற்றினாள். ஸ்பூன் பலகையைத் துணியில் கட்டினாள். எல்லாம் முடிந்ததும் நாற்பத்தொன்றாம் எண் குப்பியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நந்தனாவிடம் வந்தாள்.

"கையக் குடுங்க, சேச்சி."

நந்தனா விழித்தாள். "எனக்கு வேண்டாம், ஜின்சி. நான் உனக்குச் செய்ததுக்கு..."

"நீங்க செய்ததை நான் இண்ணைக்கு மறக்கப் போறதில்ல. உங்களுக்காகவும் இல்ல இது." ஜின்சி அவள் வலது கையைப் பிடித்து நாற்காலியின் கைமேல் வைத்தாள். "நாளைக்கு அறுநூறு பேரு இந்தக் கையப் பாப்பாவ. நான் போட்ட நகம் இப்பிடி இருக்கக் கூடாது."

பஞ்சில் ரிமூவர் நனைத்துப் பெருவிரலைத் துடைத்தாள். பச்சை கரைந்து போயிற்று. இரண்டு கோட்டிங் போட்டாள். காந்தக் குச்சியை எடுத்து, தொடாமல், பக்கத்தில் பிடித்தாள். வெளிச்சம் மெதுவாக எழுந்து நடுவில் நேராக நின்றது. நந்தனா கையை அசைக்காமல் அழுதுகொண்டிருந்தாள்.

ஜின்சி போனை எடுத்துப் படம் பிடித்தாள். "காயுறது வரைக்கும் ஒண்ணும் தொடாதீங்க," என்றாள்.

3.40-க்கு ஜீப் முன்வாசலுக்கு வந்தது. காஞ்சிரங்குளம் பஸ்ஸுக்கு நடக்க வேண்டாம், விடுகிறேன் என்றாள் ஸ்மிதா. ஜின்சி ஜீப்பைப் பார்த்துத் தயங்கினாள்.

"பின்னால இல்ல," என்றாள் ஸ்மிதா. "முன்னால ஏறு. எல்லாரும் காணட்டும்."

ஜின்சி மடியில் ஸ்பூன் பலகையை வைத்துக்கொண்டு முன்னால் ஏறினாள். ஸ்மிதா அவளுக்குப் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து, பல நிறத்தில் பத்து நகத்தையும் கதவின் மேல் விரித்து வைத்தாள். எல்லாம் எப்போதோ காய்ந்திருந்தன.